கம்பி வராத வீட்டுக்குப் பிறிட்ஜ்: வாங்க முன் போடவேண்டிய கணக்கு

பிறிட்ஜ் வாங்கக் கடைக்குப் போனால் முதல் கேள்வி "எத்தனை லீற்றர் பாக்கிறியள்?" என்றுதான் வரும். சோலரை மட்டும் நம்பி இருக்கும் வீட்டுக்காரர் அதற்குப் பதில் சொல்ல முன் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இது ஒரு நாளைக்கு எத்தனை யூனிற் எடுக்கும்?" பெரும்பாலான கடைகளில் இதற்கு உடனே பதில் கிடைக்காது. நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

நெடுந்தீவிலோ, கம்பி இழுக்க ஏழெட்டுத் தூண் நடவேண்டிய தோட்டக்காணியிலோ, கரையோர வாடியிலோ பனலும் பற்றறியும் மட்டும் வைத்துச் சீவிப்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. மின்சாரக் கம்பியும் சோலரும் சேர்ந்து உள்ள வீடு என்றால் இதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

வரிசை முக்கியம். முதலில் பிறிட்ஜ், அதற்குப் பிறகு பற்றறி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டர், கடைசியில் பனலும் பற்றறியும். பலர் சோலரைப் பூட்டி முடித்துவிட்டு, "இனி ஒரு பிறிட்ஜையும் கொழுவுவம்" என்று வெளிக்கிடுகிறார்கள். இலாம்பு, ஃபான், ரீவி எல்லாம் சேர்ந்து எடுப்பதைவிடப் பிறிட்ஜ் தனியே கூட எடுக்கலாம். தையில் பிரச்சினை தெரியாது. கார்த்திகையில் தெரியும்.

1. எதை வைக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு கிழமைக்கு என்னென்ன உள்ளே போகும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மீன் அன்றன்று கிடைக்கும் ஊரில் மீனுக்காகப் பிறீசர் தேவையா? பால், தயிர், மிஞ்சிய கறி, அரைத்த மா, மரக்கறி, குளிர் தண்ணீர் என்றால் 4 பாகை போதும். இறைச்சியையும் மீனையும் கிழமைக் கணக்கில் வைப்பதென்றால் சைபருக்குக் கீழே 18 பாகை வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையே மின் செலவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 150 முதல் 190 லீற்றர் வரை போதும்.

வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள். அதற்கு 2 முதல் 8 பாகை வேண்டும். உறைந்த இன்சுலினைப் பிறகு பாவிக்கக் கூடாது. பார்த்தால் பழுது தெரியாது. ஒற்றைக் கதவுப் பிறிட்ஜில் மேலே உள்ள பிறீசர்த் தட்டுக்குக் கிட்டவும், பின் சுவரோடு ஒட்டியும் உறைந்துபோகும். நடுத்தட்டின் முன்பக்கத்தில் வையுங்கள்.

2. நாளுக்கு எத்தனை யூனிற்

1000 வாட் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிற். இந்தியாவில் இருந்து வரும் பிறிட்ஜ்களின் நட்சத்திர லேபலில் ஆண்டுக்கு எத்தனை யூனிற் என்று அச்சிட்டிருக்கும். நட்சத்திரத்தை விடுங்கள், அந்த எண்ணைப் பாருங்கள். பெரிய பிறிட்ஜின் 5 நட்சத்திரம் சின்னப் பிறிட்ஜின் 3 நட்சத்திரத்தைவிடக் கூட எடுக்கலாம். எண்ணை 365 ஆல் வகுத்து, எங்கள் வெக்கைக்கும் கதவு திறக்கும் பழக்கத்துக்கும் சேர்த்து 1.4 ஆல் பெருக்குங்கள். லேபலில் 180 என்றால் 0.49 வரும், பெருக்கினால் ஏறத்தாழ 0.7 யூனிற். தகரக் கூரைக்குக் கீழே வைப்பதென்றால் 1.6 ஆல் பெருக்குவது நல்லது.

பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள வாட்டை 24 ஆல் பெருக்குபவர்களும் உண்டு. அது பிழை. கொம்பிறசர் விட்டு விட்டுத்தான் ஓடும். சில தகடுகளில் பனி உருக்கும் ஹீற்றரின் வாட்டும் சேர்ந்திருக்கும்.

பழைய பிறிட்ஜ் ஒன்றை வாங்க யோசித்தால் கணக்குப் போட வேண்டாம், அளவுங்கள். பிளக்குக்கும் சுவருக்கும் இடையில் கொழுவும் சின்ன வாட் மீற்றர் ஒன்று வாங்கி, கம்பி உள்ள ஒரு வீட்டில் 24 மணித்தியாலம் ஓட விடுங்கள். ஒரு மணித்தியாலம் ஓட்டி 24 ஆல் பெருக்குவது சரிவராது. உள்ளே குளிர்ந்த பிறகுதான் உண்மையான கணக்கு வரும். பதினைந்து வருடப் பழைய இரட்டைக் கதவுப் பிறிட்ஜ் நாளுக்கு 2 யூனிற் எடுத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். சும்மா தந்தாலும் அது உங்களுக்கு விலை கூடியது. ஏன் என்பது 5 ஆம் படியில் தெரியும்.

3. வகையைத் தெரிவு செய்யுங்கள்

ஒற்றைக் கதவு, இன்வேட்டர் கொம்பிறசர். பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் பொருத்தம். 180 – 200 லீற்றர் அளவில் நாளுக்கு 0.6 முதல் 0.8 யூனிற் வரை எடுக்கும். இங்கே "இன்வேட்டர்" என்பது கொம்பிறசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உள்சுற்று. சோலர் இன்வேட்டரோடு குழப்ப வேண்டாம். இதன் பெரிய லாபம், தொடங்கும்போது இழுக்கும் மின்சாரம் மெல்ல மெல்ல ஏறுவது. சாதாரண கொம்பிறசர் 120 வாட்டில் ஓடினாலும், தொடங்கும் கணத்தில் ஐந்து முதல் எட்டு மடங்கு இழுக்கும். பனியை நீங்களே உருக்க வேண்டும் என்பது ஒரு வேலைதான், ஆனால் அதற்கு ஹீற்றர் இல்லை என்பது நன்மை.

இரட்டைக் கதவு, பனி படியாத வகை. உள்ளே ஃபானும் பனி உருக்கும் ஹீற்றரும் உண்டு. ஹீற்றர் 150 முதல் 250 வாட் வரை, ஒரு தடவை இருபது, முப்பது நிமிடம் எரியும். அது இரவு இரண்டு மணிக்கும் எரியும், உங்கள் பற்றறி எந்த நிலையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பனலும் பற்றறியும் தாராளமாக உள்ளவர்கள் வாங்கட்டும்.

டிசி பிறிட்ஜ். 12 அல்லது 24 வோல்ட்டில் பற்றறியில் இருந்து நேரே ஓடுவது. மேலே மூடி திறக்கும் பெட்டி வடிவத்தில் 100 லீற்றர் அளவுள்ளதை 4 பாகையில் வைத்தால் 0.3 – 0.4 யூனிற்றோடு முடியும். சோலர் இன்வேட்டரே தேவையில்லை என்பதுதான் இதன் முழுப் பெறுமதி. லீற்றர்க் கணக்கில் பார்த்தால் விலை கூட. வாங்க முன் ஒன்றைக் கேளுங்கள்: கொம்பிறசரில் பூட்டியிருக்கும் கட்டுப்பாட்டு அட்டை பழுதானால் யாழ்ப்பாணத்தில் யார் வைத்திருக்கிறார்கள்? பதில் "கொழும்பில இருந்து எடுக்கலாம்" என்றால், எத்தனை நாளில் என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.

டிசி பிறிட்ஜ் பழுது என்று திருப்பிக் கொண்டுபோவதில் பல, வயர் மெல்லிதாக இருப்பதால் வரும் கரைச்சல். டான்ஃபொஸ் பிடி35 வகைக் கொம்பிறசருக்கு 12 வோல்ட்டில் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் 2.5 மீற்றர் தூரத்துக்குத்தான். 4 என்றால் 4 மீற்றர், 6 என்றால் 6 மீற்றர், 10 என்றால் 10 மீற்றர். 24 வோல்ட்டில் தூரம் இரட்டிப்பாகும். பியூஸ் 12 வோல்ட்டுக்கு 15 அம்பியர், 24 வோல்ட்டுக்கு 7.5 அம்பியர். அதன் கட்டுப்பாட்டு அட்டையில் சின்ன வெளிச்சம் ஒன்றைப் பூட்டினால் பழுதை அது சிமிட்டிச் சொல்லும். ஒரு சிமிட்டு என்றால் வோல்ட் போதாது, மூன்று என்றால் மோட்டர் தொடங்க முடியவில்லை, ஐந்து என்றால் அட்டை சூடேறிவிட்டது. ஒரு சிமிட்டு வந்து, பற்றறியில் அளந்தால் 12.5 வோல்ட் காட்டுகிறது என்றால் குற்றம் வயரில் அல்லது இறுக்காத முனையில். மோட்டர் தொடங்கும் நேரம் கொம்பிறசரின் முனையிலேயே அளந்து பாருங்கள்.

பெட்டிப் பிறீசரைப் பிறிட்ஜாக்குவது. 100 – 150 லீற்றர்ப் பெட்டிப் பிறீசருக்கு வெளியே, குளிரைப் பார்த்துக் கொம்பிறசரை நிறுத்திப் போடும் டிஜிற்றல் தேர்மோஸ்டாற் ஒன்றைப் பூட்டி 4 பாகையில் நிறுத்தினால், நாளுக்கு 0.3 யூனிற் அளவில் ஒரு பிறிட்ஜ் கிடைக்கும். பிறீசரின் சுவர் மொத்தம், மூடியைத் திறந்தாலும் குளிர் கீழேயே நிற்கும். தேர்மோஸ்டாற்றில் மூன்றைச் சரிசெய்யுங்கள்: 4 பாகை, நிறுத்துவதற்கும் மீண்டும் போடுவதற்கும் வித்தியாசம் 2 பாகை, கொம்பிறசர் மீண்டும் தொடங்கத் தாமதம் 5 நிமிடம். உணரியைத் தண்ணீர் நிரம்பிய சின்னப் போத்தலுக்குள் இறக்கி, உயரத்தின் நடுவில் தொங்கவிடுங்கள். வெறுங்காற்றில் விட்டால் மூடி திறக்கும் ஒவ்வொரு முறையும் கொம்பிறசர் எழும்பும். அடியில் தண்ணீர் தேங்கும், கிழமைக்கு ஒருக்கால் துடைக்க வேண்டும். பொருட்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், கூடைகள் வேண்டும். குனிய முடியாத அம்மம்மா உள்ள வீட்டுக்கு இது சரிவராது.

வாங்கவே கூடாதவை இரண்டு. ஹோட்டல் அறைகளில் இருந்து கழித்து விற்கும், சத்தமே போடாத குட்டிப் பிறிட்ஜ்களில் பல கொம்பிறசர் இல்லாத அமோனியா வகை. 40 லீற்றருக்கு நாளொன்றுக்கு ஒரு யூனிற்றுக்கும் மேல் தின்னும். மற்றது, காருக்கு என்று விற்கும் 12 வோல்ட் குளிர்ப்பெட்டி. வெளிக்காற்றைவிட 15 – 20 பாகைதான் அதால் குறைக்க முடியும். 34 பாகை வெக்கையில் அது மீனுக்குக் குளிர் அல்ல.

4. சோலர் இன்வேட்டர்: சும்மா இருக்கவே தின்பது

சாதாரண வீட்டு மின்சாரத்தில் ஓடும் ஏசி பிறிட்ஜ் என்றால், கம்பியில் வருவது போன்ற வழவழப்பான மின்சாரம் தரும் சுத்த சைன் அலை இன்வேட்டர் வேண்டும். மலிவான சதுர அலை இன்வேட்டரில் சாதாரண கொம்பிறசர் ஓடும், ஆனால் முனகும், சூடேறும், கொஞ்சக் காலத்தில் மோட்டர்ச் சுருள் எரியும். இன்வேட்டர் கொம்பிறசரின் அட்டைக்கும் அது கூடாது.

சாதாரண கொம்பிறசருக்குக் குறைந்தது 1000 வாட், கணநேரத்துக்கு அதன் இரட்டிப்பைத் தாங்குவது. 300 வாட் இன்வேட்டரில் "பிறிட்ஜ் 120 வாட்தானே" என்று கொழுவினால், கொம்பிறசர் உறுமிவிட்டு நிற்கும், திரும்ப உறுமும். அந்த உறுமல் ஒவ்வொன்றும் சுருளைச் சுடும்.

இனி எவரும் சொல்லாத செலவு. இன்வேட்டர் ஒன்றும் கொழுவாமல் வெறுமனே போட்டிருந்தாலே மின்சாரம் எடுக்கும். 25 வாட் எடுப்பதை 24 மணித்தியாலம் போட்டால் 0.6 யூனிற், கிட்டத்தட்ட இன்னொரு பிறிட்ஜ். 5 கிலோவாட் இன்வேட்டர்கள் 50 வாட்டுக்கு மேலும் எடுக்கும். விபரக் கையேட்டில் இந்த வெறும் சுமை எத்தனை வாட் என்று தேடிப் பாருங்கள். கையேட்டில் அது இல்லாத இன்வேட்டரை நான் வாங்கமாட்டேன்.

சில இன்வேட்டர்களில் மிச்சம் பிடிக்கும் தேடல் முறை உண்டு. சுமை இல்லாதபோது உறங்கி, நொடிக்கு ஒருக்கால் எட்டிப் பார்க்கும். இன்வேட்டர் கொம்பிறசர்ப் பிறிட்ஜ் ஓய்வில் இரண்டு மூன்று வாட்தான் எடுக்கும். அதை இது சுமையாகவே எண்ணாது. பிறிட்ஜ் எழும்பாது, காலையில் பால் திரைந்திருக்கும். பிறிட்ஜ் கொழுவினால் அந்த முறையை நிறுத்திவிடுங்கள்.

5. மாரிக் கணக்கில் பனலும் பற்றறியும்

எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டுவது. ஆண்டுச் சராசரி வெயிலை வைத்துக் கணக்குப் போட்டுத் தருபவர் இந்த மூன்று மாதத்தையும் மறைத்துவிடுகிறார். நாளுக்கு 3 மணித்தியால முழு வெயில் என்று வையுங்கள். அதில் சூடு, தூசு, வயர், பற்றறி எல்லாம் கழித்துப் பத்தில் ஏழு பங்கு மிஞ்சும். ஆக ஒரு கிலோவாட் பனல் மாரியில் 2.1 யூனிற் தரும்.

0.7 யூனிற் ஒற்றைக் கதவுப் பிறிட்ஜ்: இன்வேட்டர் இழப்போடு 0.8, வெறும் சுமை 0.6, மொத்தம் 1.4 யூனிற். 2.1 ஆல் வகுத்தால் 670 வாட் பனல், பிறிட்ஜுக்கு மாத்திரம். 0.35 யூனிற் டிசி பெட்டிக்கு 170 வாட் போதும். 2 யூனிற் பழைய பிறிட்ஜையும் இதே வழியில் போட்டுப் பாருங்கள். 1300 வாட்டைத் தாண்டும்.

பற்றறிக்கு ஒன்றரை நாள் தாங்கும் கணக்கு. 1.4 யூனிற்றுக்கு 2.1 வேண்டும். 25.6 வோல்ட் 100 அம்பியர்-மணி லிதியம் பற்றறியில் 2.56 யூனிற் உண்டு, எண்பது வீதம் எடுத்தால் 2.05, மட்டுமட்டாகத் தாங்கும். ரியூபியூலர் ஈயப் பற்றறியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, ஆகவே 12 வோல்ட் 200 அம்பியர்-மணியில் இரண்டு. இலாம்பும் ஃபானும் இதற்கு மேலே தனிக் கணக்கு. விலைகளைக் குறைந்தது மூன்று இடத்தில், பிறிட்ஜ், பனல், பற்றறி, இன்வேட்டர் நான்கையும் சேர்த்து எழுத்தில் எடுங்கள். டிசி பெட்டியின் விலையைத் தனியே பார்த்துப் பயந்தவர்கள், இந்த மொத்தத்தைப் பார்த்தபின் மனம் மாறுவதுண்டு.

பனலைத் தெற்கு நோக்கி 10 – 15 பாகை சாய்த்துப் பூட்டுங்கள். மார்கழிச் சூரியன் தெற்கே நிற்கும். மழையும் தூசைக் கழுவிக்கொண்டு ஓடும். ஒரு பனையின் நிழல் பனலின் மூலையில் விழுந்தாலே உற்பத்தி பெருமளவு விழும், மாசியில் பார்த்து வைத்த இடத்தை மார்கழியிலும் பாருங்கள்.

6. கடையில்

புரட்டாதிக்குள் வாங்கி முடியுங்கள், மழை தொடங்க முன் சோதிக்க நாள் வேண்டும்.

கதவு றப்பரைச் சோதிக்க ஒரு காசுத் தாளை இடையில் வைத்து மூடி இழுங்கள். நாலு பக்கமும் இறுக்கமாக இருக்க வேண்டும். பழையது என்றால் அடித்தட்டில் துரு, கொம்பிறசரின் குழாயில் புதிதாய் ஒட்டிய பற்று இரண்டையும் பாருங்கள். பற்று இருந்தால் காஸ் மாற்றியிருக்கிறார்கள். ஆர்600ஏ என்று எழுதியிருக்கும் பிறிட்ஜில் சில பத்துக் கிராம் காஸ்தான் இருக்கும், அது தீப்பற்றுவது. அதற்குள் வேறு காஸ் அடித்தால் கொம்பிறசர் நிலைக்காது.

பற்றுச்சீட்டில் மொடல் எண்ணும் தொடர் எண்ணும் இருக்க வேண்டும். உத்தரவாத அட்டையில் அன்றைக்கே முத்திரை குத்தி வாங்குங்கள், பிறகு தாறம் என்பதை ஏற்க வேண்டாம். "சோலர் இன்வேட்டரில் பாவிக்கலாம்" என்று பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். மறுத்தால் உத்தரவாதம் உங்களுக்கு உதவாது என்று பொருள். "கொம்பிறசருக்கு 10 வருடம்" என்ற விளம்பரத்தில் அட்டைக்கும் காஸுக்கும் கூலிக்கும் எத்தனை காலம் என்பது வேறாக இருக்கும், அதையும் வாசியுங்கள். தீவுக்கு ஆள் வருவாரா, அல்லது பிறிட்ஜை நீங்கள் கொண்டுவர வேண்டுமா? இதுவும் எழுத்தில். முறைப்பாடு என்றால் பாவனையாளர் அதிகாரசபையின் இலக்கம் 1977. சீட்டு இல்லாமல் அழைத்துப் பயனில்லை.

7. ஏற்றி இறக்குவதும் வைப்பதும்

நிமிர்த்தியே கொண்டுவாருங்கள். குறிகட்டுவானில் வள்ளத்தில் ஏற்றும்போது "படுக்கப் போடுவம்" என்பார்கள். நிமிர்த்திக் கட்டக் கூடுதல் கயிறும் ஒரு ஆளின் கூலியும் செலவாகட்டும். கடல்நீர் தெறிக்காமல் பொலித்தீன் சுற்றுங்கள். படுக்கவைத்தே வந்துவிட்டால் 24 மணித்தியாலம் நிமிர்த்தி வைத்த பிறகு போடுங்கள், கொம்பிறசர் எண்ணெய் திரும்ப இறங்க வேண்டும். நிமிர்ந்து வந்ததற்கும் நாலு மணித்தியாலம் கொடுங்கள்.

வீட்டில் ஆகக் குளிர்ந்த இடம் எது? பெரும்பாலும் வடக்குச் சுவரோர அறை. விறகு அடுப்புள்ள குசினியும் மேற்குச் சுவரும் வேண்டாம். இப்போதைய பிறிட்ஜ்களில் சூடு வெளியேறும் குழாய் பக்கச் சுவருக்குள் ஓடுகிறது, பக்கம் சூடாக இருப்பது பழுது அல்ல; பின்னாலும் பக்கங்களிலும் 10 சென்ரிமீற்றர் விடுங்கள். மேலே துணி விரித்துப் பூச்சாடி வைப்பதையும் விடுங்கள். கரையோர வீடுகளில் சோளகம் அடிக்கும் காலத்தில் உப்புப் படியும், மாதம் ஒருக்கால் பின்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். இன்வேட்டரின் காற்றுத் துவாரத்துக்கு நுண்வலை அடியுங்கள். ஒரு பல்லி உள்ளே போய் அட்டையில் குறுக்கே கிடந்தால் அது சாவதோடு அட்டையும் போகும்.

8. முதல் கிழமையும் மழைக்காலமும்

முதல் நாள் காலையில், வெறும் பெட்டியாகப் போடுங்கள். குளிரப் பத்து மணித்தியாலம் வரை எடுக்கலாம். பிறகு பொருட்களை இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். வாட் மீற்றரை மூன்று நாள் கொழுவி, ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் எண்ணை எழுதுங்கள். 2 ஆம் படியில் போட்ட கணக்கைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால் றப்பர், வைத்த இடம், தேர்மோஸ்டாற் என்று வரிசையாகப் பாருங்கள்.

பிறீசரில் ஒன்றரை லீற்றர்ப் போத்தல் ஆறேழில் தண்ணீர் நிரப்பி வையுங்கள், கழுத்தோடு கொஞ்சம் வெறுமை விட்டு. பகல் வெயிலில் அவை உறையும். 10 லீற்றர் தண்ணீர் உறைந்தால் அதில் 0.9 யூனிற் அளவு குளிர் சேமித்த மாதிரி. இரவு பத்து மணிக்குப் பிறிட்ஜை நிறுத்தி, அந்தப் போத்தல்களில் இரண்டை மேல்தட்டுக்கு இறக்கினால் விடியும்வரை தாங்கும். இலாம்புகள் டிசியில் ஓடுமாறு செய்திருந்தால் இன்வேட்டரையும் சேர்த்து நிறுத்தலாம். எட்டு மணித்தியாலத்தில் 0.2 யூனிற் அதிலேயே மிஞ்சும். இன்சுலின் உள்ள வீட்டில் போத்தலோடு அது ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் அடைமழை வந்தால், இரண்டாம் நாள் காலையிலேயே மீனையும் இறைச்சியையும் சமைத்து முடியுங்கள். மூன்றாம் நாள் பற்றறி விழுந்த பிறகு யோசித்துப் பயனில்லை. பிறிட்ஜுக்குள் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டிருந்தால் கதவைத் திறந்து கையால் தொட்டுப் பார்த்துக் குளிரை விடவேண்டியதில்லை. 8 பாகையைத் தாண்டி நாலு மணித்தியாலம் கிடந்த மீனைக் கோழிக்குக்கூடப் போடாதீர்கள்.